நானூற்றுப் பதின்மூன்றாவது நிரை

தொண்ணூற்றாறில் பரந்தனை விட்டு ஓடியபோது சனம் பாயையும் பானையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியது. நலன் அளவீட்டு நிலையத்தின் பணிப்பாளர் யோகலிங்கம் இரண்டே இரண்டு சாமான்களோடு ஓடினார். ஒன்று சுழலும் கதிரை. மற்றது மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பிளொப்பித் தட்டு. மனைவியும் பிள்ளைகளும் பின்னால் யாரோ ஒருவருடைய உழவு இயந்திரத்தில் வந்து சேர்ந்ததாகக் கேள்வி.

அந்தத் தட்டில் இருந்தது ஒரு தாயம். பள்ளிக்கூடத்தில் கணிதம் படித்தவர்களுக்குத் தெரியும். எண்களை நிரைநிரையாக அடுக்கி இரண்டு பக்கமும் அடைப்புப் போட்டால் அது தாயம். பரந்தனில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரை மூன்று வருடம் விடாமல் நிறுத்து, அந்த நிறைகளைக் கொழும்பில் ஒரு பெரிய கொம்பியூட்டரில் பதினொரு நாள் ஓடவிட்டுச் செய்தது. ஆளுக்கு ஒரு நிரை. அதைத் திரும்பவும் கணக்கிட, நாங்கள் ஓடி வந்து சேர்ந்த ஸ்கந்தபுரத்தில் மின்சாரம் இல்லை. ஆகவே சேமித்து வைத்த தாயத்தையே மாதம் ஒருமுறை நிலையத்தின் கொம்பியூட்டருக்குள் ஏற்றுவார்கள். அந்த மாதத்து நிறைகளை அதோடு பெருக்கினால் ஒரு பட்டியல் வரும். பட்டியலில் பெயர் இருந்தால் சத்துமா கிடைக்கும். இல்லையென்றால் அடுத்த மாதம் வரச் சொல்வார்கள்.

மாதத்தின் முதற் செவ்வாய் ஏற்றும் நாள். அன்று காலை யோகலிங்கம் தலை முழுகி, திருநீறு பூசி, அலுமாரியைத் திறந்து தட்டை எடுப்பார். அதற்கு ஒரு சந்தனப் பொட்டும் உண்டு. காந்தம் பட்டால் தட்டில் உள்ளது அழிந்துவிடும் என்பதால் டைனமோ பூட்டிய சைக்கிள்கள் நூறு யார் தூரத்துக்கு அப்பால் நிறுத்தப்பட வேண்டும். வன்னியில் அப்போது டைனமோ இல்லாத சைக்கிளைக் காண முடியாது; செய்தி கேட்பதற்கு எல்லாரும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தித்தான் வானொலியை ஓட்டினார்கள். அதனால் சனம் அந்த நூறு யார் தூரத்தையும் நடந்தது. ஜெனரேற்றருக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். தாயம் ஏறும் பத்து நிமிடமும் அலுவலர்கள் எழுந்து நிற்பார்கள். ஏறி முடிந்ததும் மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் மூன்று அடி விழும்.

வந்தவர்கள் தாயத்தில் உள்ள ஒழுங்கிலேயே வரிசையில் நிற்க வேண்டும். ஒன்றாம் நிரை முதலில், நானூற்றுப் பன்னிரண்டாம் நிரை கடைசியில். ஒருவர் குறைந்தாலும் கூடினாலும் தாயம் பொருந்தாது. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து எல்லாம் நின்றுவிடும். மண்ணெண்ணெயும் வீண்.

இதில் ஒரு சிறிய சிக்கல் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரில் அறுபத்தொரு பேர் இப்போது இல்லை. சிலர் மலேரியாவில் போனார்கள், சிலர் ஷெல்லில் போனார்கள், சிலர் வவுனியா முகாமுக்குப் போனார்கள். இதற்குத் தீர்வு கண்டது சனம்தான் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நிவாரணம் வாங்கும் சங்கக்கடை வரிசையில் நிற்க முடியாதவர்கள் தங்கள் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். கல்லைத் தாண்டி யாரும் முன்னுக்குப் போகமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் இறந்தவர்களின் இடத்திலும் ஆளாளுக்குக் கல்லை வைத்தார்கள். யோகலிங்கம் கண்டார், கண்கலங்கினார், அடுத்த நாளே சுற்றறிக்கை போட்டார். வராதவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கல்; அந்தக் கல் அவருடைய கடைசி நிறைக்குச் சமமாக இருக்க வேண்டும்; மாதாமாதம் அதையும் நிறுக்க வேண்டும்.

இருநூற்றுப் பதினேழாம் நிரை வீரகத்தியர். பாம்பு கடித்து இறந்தவர். கடைசி நிறை நாற்பத்தெட்டுக் கிலோ. அவருடைய மனைவி கமலேஸ்வரி குளக்கட்டிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து, மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, சுண்ணாம்பால் 217 என்று எழுதி வைத்தாள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், இருநூற்றுப் பதினாறில் நின்றவள்தான் இலட்சுமி.

இலட்சுமியின் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்து பரந்தனில் காடு வெட்டிக் குடியேறியவர். அவள் வளர்ந்தது பரந்தன் வயலில். புருஷன் விறகு வெட்டப்போய்க் காலில் கோடரி விழுந்து அவர்கள் குடியிருந்த ஓலைக் கொட்டிலில் படுத்திருந்தான். கைக்குழந்தை ரஜிதாவுக்கு எட்டு மாதம். தாய்ப்பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு அரிசிக் கஞ்சித் தண்ணீர் பருக்கிப் பருக்கி, தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு பங்குனியில் அதன் நிறை ஐந்து கிலோவுக்கு வந்துவிட்டது. மருத்துவிச்சி நாகேஸ்வரி ஒரு துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பினாள். சத்துமா கிடைத்தால் பிள்ளை தப்பும், கிடைக்காவிட்டால் மழைக்காலத்தைத் தாண்டாது என்று வாயாலும் சொல்லியனுப்பினாள்.

கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த பிரதாபன் துண்டை வாங்கிப் பார்த்தான்.

"பிள்ளையின்ர நிரை இலக்கம் என்ன?"

"பேர் ரஜிதா, தம்பி."

"பேர் வேண்டாம் அக்கா. நிரை."

"பிள்ளை இஞ்ச வந்த பிறகு பிறந்தது."

"அப்ப தாயத்தில இல்லை."

"தாயத்தில இல்லாட்டி என்ன, என்ர மடியில இருக்குத்தானே?"

பிரதாபன் நல்ல பொடியன், விடை தெரியாதபோது உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவான். யோகலிங்கம் கதிரையில் அரைச் சுற்றுச் சுற்றி அவள் பக்கம் திரும்பினார்.

"இருநூற்றுப் பதினாறுதானே நீங்கள்? உங்களுக்கு ஒருநாளும் சத்துமா வந்ததில்லை. ஏனெண்டு தெரியுமோ?"

"தெரியாது ஐயா."

"தொண்ணூற்றிநாலில உங்கட நிறை முப்பத்தெட்டு. தொண்ணூற்றஞ்சில முப்பத்தெட்டு. இப்பவும் முப்பத்தெட்டு."

"அப்பவும் பசிதான் ஐயா."

"அதைத்தான் சொல்லுறன்!" யோகலிங்கம் மேசையில் தட்டினார். "ஒராளில எப்பவும் இருக்கிறதை முதலில கழிச்சுப்போட வேணும். அதுக்குப் பேர் நிலைத்த விளைவு. தோட்டத்தில இருந்து வந்த உங்கட சனத்துக்கு இயல்பாவே நிறை குறைவு. நான் அதைக் குறையாச் சொல்லேல்லை, விஞ்ஞானமாச் சொல்லுறன். அதைக் கழிச்சா மிச்சம் பூச்சியம். பூச்சியத்துக்கு ஆரும் சத்துமா குடுப்பினமே?"

இலட்சுமி கேட்டாள்: "அப்ப பசியைப் பட்டியலில போடுறதெண்டா, முந்தி ஒருக்கா வடிவாச் சாப்பிட்டிருக்க வேணும்?"

"கெட்டிக்காரி! கொழும்பில எனக்கு இதை விளங்கப்படுத்த மூண்டு நாள் எடுத்தது."

"நான் எனக்குக் கேக்கேல்லை ஐயா. பிள்ளைக்குப் புதுசா ஒரு நிரை போட்டா என்ன? எங்களைத் திருப்பி ஒருக்கா எண்ணினா என்ன?"

யோகலிங்கத்தின் முகம் கறுத்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்: "அம்மா, மாசம் மாசம் புதுசா எண்ணினா மாசம் மாசம் வேற வேற விடை வரும். பிள்ளை பிறக்கும், சனம் சாகும், இடம் மாறும். அதுக்குப் பின்னால ஓடுறது விஞ்ஞானமில்லை. ஒருக்காச் சரியாக் கணிச்சதை பத்திரமா வைச்சிருந்து ஏத்துறதுதான் விஞ்ஞானம். ஒரு நிரை கூட்டுறதுக்கு நான் கொழும்புக்கு எழுதிப் போட்டு ரெண்டு வருஷம். இந்தப் பிள்ளையின்ர பேரையும் எழுதிவிடுறன். பொறுங்கோ."

இலட்சுமி பொறுத்தாள். குழந்தைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை; அழுதது.

அந்த மாதம் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று பின்னுக்கு எடுக்கும்போது வீரகத்தியரின் கல்லில் ஏறிவிட்டது. ஒரு மூலை உடைந்து போனது. சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை நாலு பேர் சேர்ந்து கல்லைத் தூக்கித் தராசில் வைத்தபோது நாற்பத்தாறு கிலோ காட்டியது. தாயம் ஏறியது. பட்டியல் வந்தது. பட்டியலின் தலையில் முதற்பெயராக வீரகத்தியர் இருந்தார். ஒரே மாதத்தில் இரண்டு கிலோ இழப்பு, உடனடி உதவி தேவை.

பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள். அதில் ஒன்பது கல். உயிரோடு இருந்தவர்களின் நிறை மாறுவதற்கு உடம்பில் ஒன்றுமில்லை. கல்லுத்தான் உடையும், தேயும், மழையில் மண் கழுவுப்படும். யோகலிங்கம் சனத்தின் முன்னால் நின்று பேசினார்.

"இந்த மெசின் ஆள் பாக்காது. சாதி பாக்காது, ஊர் பாக்காது. உயிரோட இருக்கிறாரோ எண்டுகூடப் பாக்காது! இப்பிடியொரு நடுநிலைமை இந்த உலகத்தில எங்கயாவது இருக்கோ?"

சனம் கைதட்டியது. கைதட்டாவிட்டால் வரிசை முடிய நேரமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். வீரகத்தியரின் கல்லின் மேல் இரண்டு பைக்கற் சத்துமா வைக்கப்பட்டது. கமலேஸ்வரி அதை எடுத்துப் பக்கத்தில் நின்ற இலட்சுமியிடம் நீட்டினாள்.

"வையுங்கோ கீழ!" என்றார் யோகலிங்கம். "ஒரு நிரைக்குரியதை இன்னொரு நிரைக்குக் குடுத்தா தரவு கெட்டுப்போகும்."

"ஐயா, இவர் செத்து ரெண்டு வருஷம். பிள்ளை இந்தா உயிரோட கிடக்குது. அவற்ற நிரையில இந்தப் பிள்ளையைப் போட்டுவிடுங்கோவன்."

"நாப்பத்தெட்டுக் கிலோ ஆம்பிளை ஒரு மாசத்தில அஞ்சு கிலோ ஆனா, கொழும்பில என்னை விசரன் எண்டெல்லோ நினைப்பினம்? உங்கட மனிசனின்ர சத்துமாவை நீங்கள் கையெழுத்து வைச்சு வீட்டை கொண்டுபோங்கோ. அவருக்கு மட்டும்தான்."

கமலேஸ்வரி கையெழுத்து வைத்து வாங்கினாள். அன்று பின்னேரமே இலட்சுமியின் கொட்டிலுக்குப் போய், "அவர் தந்துவிட்டவர்" என்று சொல்லி இரண்டு பைக்கற்றையும் குசினி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள். இலட்சுமி அழுதாள். வீரகத்தியர் உயிரோடு இருந்தபோது வேலிச்சண்டையில் அவளோடு கதைக்காமல் இருந்த மனிதர்.

அந்த ஒரு மாதம் எப்படிப் போனதென்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எந்தத் தாயத்திலும் அது இல்லை. குழந்தை கையை ஊன்றி எழுந்திருந்தது. தகப்பனின் காயக்கட்டைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. இலட்சுமி அதைத் தூக்கும்போதெல்லாம் கையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏறுவதை உணர்ந்தாள். நாளுக்கு நாலு தரம் வேலையில்லாமலே தூக்கிப் பார்த்தாள். மாத முடிவில் நாகேஸ்வரி நிறுத்தபோது ஐந்து கிலோ அறுநூறு.

வைகாசிச் செவ்வாய் வந்தது. வீரகத்தியரின் கல்லை நிறுத்தார்கள். அதே நாற்பத்தாறு.

யோகலிங்கம் தராசைத் தட்டிப் பார்த்தார். திரும்பவும் நிறுக்கச் சொன்னார். நாற்பத்தாறு. "ரெண்டு பைக்கற் குடுத்தும் ஒரு கிராம் கூடேல்லை. இது எப்பிடி?" என்று சுற்றியிருந்தவர்களைக் கேட்டார். எப்படியென்று சொல்லக்கூடிய முந்நூற்றைம்பது பேர் அங்கே நின்றார்கள். சத்துமாவை யாரோ களவெடுத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவராகவே வந்தார். விசாரணை நடந்தது. இலட்சுமியின் குசினியில் கால் பைக்கற் அகப்பட்டது.

"கல்லின்ர சாப்பாட்டை எடுத்திருக்கிறியள்" என்றார் யோகலிங்கம். குரலில் கோபத்தைவிடத் துக்கமே கூடுதலாக இருந்தது.

"கல்லு சாப்பிடாது ஐயா."

"அதை நீங்களும் நானும் தீர்மானிக்கேலாது."

பிரதாபன் மெல்லச் சொன்னான்: "சேர், பிள்ளை அறுநூறு கிராம் ஏறியிருக்கு. அப்ப சத்துமா வேலை செய்யுதுதானே?"

"எந்த நிரை?"

பிரதாபன் கொம்பியூட்டருக்கு முன்னால் திரும்பிப் போய் இருந்தான்.

அன்றைக்கு நிலையம் தன் வரலாற்றிலேயே பெரிய கண்டுபிடிப்பைச் செய்தது. சத்துமா பெற்ற பன்னிரண்டு நிரைகளில் ஒன்பதில் நிறை கூடவேயில்லை. மீதி மூன்றிலும் சொல்லும்படி இல்லை, ஏனென்றால் அந்த மூன்று பேரும் சத்துமாவைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுத்திருந்தார்கள். ஆகவே சத்துமாவால் பயனில்லை. நிலைத்த விளைவுகளைக் கழித்த பின் அதன் பயன் பூச்சியம் என்று இருபத்திரண்டு பக்க அறிக்கை தட்டச்சாகி, வெள்ளை வாகனத்தில் கொழும்புக்குப் போனது. ஆடி மாதம் பாராட்டுக் கடிதம் வந்தது. அதே வாகனம் கிட்டங்கியில் மிச்சமிருந்த சத்துமா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனது. மூட்டைகள் இருந்த இடத்தில் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

இலட்சுமி நாலு தரம் போனாள். நாலாம் தரம் குழந்தையை யோகலிங்கத்தின் மேசையில் கிடத்தினாள். அவர் குழந்தையைப் பார்த்தார். உண்மையிலேயே இரக்கப்பட்டார், தன் தேத்தண்ணிக்கு வைத்திருந்த சீனியில் இரண்டு கரண்டி கடதாசியில் மடித்துக் கொடுத்தார். அவர் கெட்ட மனிதரில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

கார்த்திகை மழையோடு வயிற்றோட்டம் வந்தது. நாகேஸ்வரி இரண்டு நாள் கொட்டிலிலேயே இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் விடிய ரஜிதா போய்விட்டாள். போகும்போது நாலு கிலோ எண்ணூறு. காட்டோரம், பாலை மரத்தடியில் பிள்ளையைப் புதைக்கக் கமலேஸ்வரி கிடங்கு வெட்டினாள். புருஷனின் கால் இன்னும் மண்வெட்டி பிடிக்கும் நிலைக்கு வரவில்லை.

தை மாதம் யோகலிங்கம் இலட்சுமியின் கொட்டிலுக்குத் தானே நடந்து வந்தார். இடம்பெயர்ந்த மூன்றரை வருடத்தில் அவர் ஒரு கொட்டிலுக்குள் குனிந்து நுழைந்தது அதுதான் முதற்தடவை. கையில் மஞ்சள் துணி. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, பொறுங்கோ எண்டு சொன்னனெல்லோ? கொழும்பில இருந்து புதுத் தாயம் வந்திட்டுது. நானூற்றுப் பதின்மூண்டு நிரை! கடைசி நிரை உங்கட மகள். பேரோட போட்டு அனுப்பியிருக்கினம். எங்க பிள்ளை?"

கூட வந்து வாசலில் நின்ற பிரதாபன், பிள்ளை போய்விட்டதைச் சொன்னான்.

யோகலிங்கம் மூலையில் சுருட்டி வைத்திருந்த, பிள்ளை கிடந்த ஏணைச் சீலையைப் பார்த்தார். பிறகு மஞ்சள் துணியைப் பார்த்தார். அவருடைய முகம் மெல்லத் தெளிந்தது.

"சரி. அதுக்கும் வழி இருக்குத்தானே. கடைசி நிறை எவ்வளவு?"

"நாலு எண்ணூறு" என்றாள் இலட்சுமி.

"அந்த நிறைக்கு ஒரு கல்லு எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வாங்கோ. சின்னக் கல்லுத்தானே, வண்டிலும் தேவையில்லை."

அடுத்த நாள் இலட்சுமி குளக்கட்டில் கல் தேடினாள். தராசு கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு கல்லாகத் தூக்கினாள். ஒன்று கனம், ஒன்று கனம் காணாது. தூக்கித் தூக்கி வைத்தாள். வெயில் ஏறியும் அவள் வரவில்லையென்று தேடிப்போன கமலேஸ்வரி, ஒரு கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் குளக்கட்டிலேயே குந்தியிருப்பதைக் கண்டாள். பிறகு நாகேஸ்வரியின் தராசில் வைத்துப் பார்த்தபோது நாலு எண்ணூறு, ஒரு கிராம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

செவ்வாய்க்கிழமை புதுத் தாயத்துக்குத் தேங்காய் உடைத்தார்கள். சனம் நூறு யார் நடந்து வந்து வரிசையில் நின்றது. கற்கள் தங்கள் இடங்களில் இருந்தன. வரிசையின் கடைசியில், வேறு ஒருவரும் இல்லாத புது இடத்தில், இலட்சுமி ஏணைச் சீலையில் சுற்றிய கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இருநூற்றுப் பதினாறில் தன் நிறையைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஜெனரேற்றர் ஓடியது. ஒவ்வொரு நிறையாகப் பிரதாபன் தட்டிக்கொண்டு வந்தான். நானூற்றுப் பன்னிரண்டு முடிந்தது.

"கல்லைத் தராசில வையுங்கோ" என்றார் யோகலிங்கம்.

இலட்சுமி கல்லை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, மண்ணெண்ணெய் எரியுது. வையுங்கோ."

"மாட்டன் ஐயா."

"ஏன்?"

"இவளை இதுவரைக்கும் நிறுத்தது காணும்."

தராசுக்காரன் கல்லை வாங்கக் கை நீட்டினான். அவள் மற்றப் பக்க இடுப்புக்கு அதை மாற்றிக்கொண்டாள். நீட்டிய கையை அவனே எடுத்துக்கொண்டான். யோகலிங்கம் கதிரையிலிருந்து எழும்பி வந்தார், அதட்டினார், கெஞ்சினார், கொழும்புக்கு என்ன பதில் சொல்வதென்று கேட்டார். கடைசியில், இருப்பதை வைத்து ஏற்றிப்பார் என்று பிரதாபனிடம் கத்தினார். பிரதாபன் விசையைத் தட்டினான். திரையில் சிவப்பு வரி வந்தது. அளவு பொருந்தவில்லை.

ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் தடியோடு நின்றவன் அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்தான். யோகலிங்கம் வரிசையின் ஒரு தலையிலிருந்து மறுதலை வரை பார்த்தார்; இவ்வளவு பேர் நிற்கிறார்கள், இவ்வளவு கல் இருக்கிறது.

"நானூற்றுப் பன்னிரண்டு சரியா இருக்கே" என்றார், அழுவாரைப்போல. "ஒண்டுதானே குறையுது?"

"ஓம் ஐயா" என்றாள் இலட்சுமி. "ஒண்டுதான் குறையுது."